கேட்டலும் குறித்தலும்

நுழையும்முன்

வசந்தத்தின் வருகையைச் சிலர் மலரில் காண்பர். சிலர் குயிலின் பாட்டில் கேட்பர். குளம் உறைந்து கிடக்கும் குளிர்நாடுகளில் அதனைத் தவளையின் குரலில் கேட்பவர் உண்டு. அவருள் சிலர், கேட்ட நாளைத் தாளில் குறித்தும் வைத்தனர். அச்சிறு குறிப்புகள் பின்னாளில் எவ்வாறு பயன்பட்டன என்பதையும், அப்பணி இன்று யாருக்கு உரியது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பனி உருகும் இரவு

தமிழர் வகுத்த பெரும்பொழுதுகளில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் ஆகும். மா காய்த்து, வேம்பு பூத்து, வெயில் ஏறும் காலம் அது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வசந்தத்தின் முகம் வேறு. அங்கே மார்ச்சு மாதத்திலும் மரங்கள் இலையின்றி நிற்கும். குளத்தின் ஓரங்களில் பனிக்கட்டி எஞ்சியிருக்கும். தளிரோ பூவோ கண்ணில் படாத அந்நாள்களில், சற்றே வெதுவெதுப்பான ஒரு மழையிரவில், சதுப்பு நிலத்திலிருந்து கூர்மையான மெல்லொலி ஒன்று எழும். முதலில் ஒரு குரல். சிறிது இடைவெளிக்குப் பின் மற்றொன்று. சில இரவுகள் சென்றபின் நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றுகலந்து, தொலைவில் குலுங்கும் சலங்கைகளைப் போலக் கேட்கும்.

அவ்வொலிக்கு உரியது ‘ஸ்பிரிங் பீப்பர்’ என்று அழைக்கப்படும் தவளை. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமே உடையது. அதன் முதுகில் பெருக்கல் குறி போன்ற ஒரு கோடு காணப்படும். ஆண் தவளை மட்டுமே தொண்டைப் பையை ஊதிப் பெருக்கி, பெண் தவளையை அழைக்கிறது. அவ்வழைப்புக்கு அது செலவிடும் ஆற்றல் மிகப் பெரிது. இரவு முழுவதும் ஆயிரக்கணக்கான முறை குரலெழுப்பும் அச்சிற்றுயிருக்கு, வாழ்நாளின் மிகக் கடினமான உழைப்பு அதுவே எனலாம்.

அக்குரல் எழுவதற்கு முந்தைய நிலையையும் அறிதல் வேண்டும். இத்தவளை குளிர்காலத்தை உதிர்ந்த இலைகளின் அடியில் கழிக்கிறது. கடுங்குளிரில் அதன் உடல்நீரின் ஒரு பகுதி பனிக்கட்டியாகவே உறைந்துவிடும். கல்லீரலிலிருந்து பெருகும் சர்க்கரை, உயிரணுக்கள் சிதையாமல் காக்கும். இதே நிலத்தில் வாழும் ‘வுட் ஃபிராக்’ என்னும் காட்டுத்தவளைக்கு உறைந்த நிலையில் இதயத்துடிப்பும் நின்றுவிடும். பனி உருகியதும் அது மீண்டும் துடிக்கத் தொடங்கும். வசந்தத்தின் முதற்குரலை எழுப்புபவை, சில வாரங்களுக்கு முன் உறைந்து கிடந்த உயிர்கள். அதனைக் கேட்கும் மக்கள் வாயிற்படியில் வந்து நிற்பதில் வியப்பில்லை.

இரு குறிப்பேடுகள்

முதற்குரலைக் கேட்டு மகிழ்ந்தவர் எண்ணற்றோர். கேட்டதும் நாளைக் குறித்தவர் மிகச் சிலர். அச்சிலருள் மூத்தவர் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த இராபர்ட் மார்ஷம். 1736ஆம் ஆண்டு முதல் அவர் வசந்தத்தின் அறிகுறிகளை ஆண்டுதோறும் குறித்து வந்தார். எந்த மரம் என்று தளிர்த்தது, தகைவிலான் குருவி என்று வந்தது என்பவற்றோடு, தவளைகளும் தேரைகளும் என்று ஒலித்தன என்பதும் அவர் ஏட்டில் இடம்பெற்றது. 1789இல் அக்குறிப்புகள் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியாயின. 1797இல் அவர் மறைந்தபின்னும் பணி மறையவில்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அதனைத் தொடர்ந்தனர். இடையில் சில ஆண்டுகள் விடுபட்டாலும், அக்குடும்பத்தின் குறிப்புகள் 1958 வரை நீண்டன.

இரண்டாம் ஏடு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து இத்தாக்கா நகரைச் சார்ந்தது. அங்குள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ஹேசன் ரைட், தவளைகளின் வாழ்வியலை ஆராய்ந்தவர். 1900 முதல் 1912 வரை இத்தாக்காவைச் சூழ்ந்த நீர்நிலைகளில் ஒவ்வொரு தவளையினமும் முதன்முதலில் ஒலித்த நாள்கள் அவருடைய நூலில் இடம்பெற்றுள்ளன. புவி வெப்பமாதல் என்னும் தொடரே மக்கள் வழக்கில் இல்லாத காலம் அது. எதனை மெய்ப்பிக்கவும் அந்நாள்கள் குறிக்கப்படவில்லை. குரல் கேட்டது என்பதற்காகவே குறிக்கப்பட்டன.

ஏறத்தாழ 90 ஆண்டுகள் கடந்தன. 1990 முதல் 1999 வரை நியூயார்க் மாநிலத்தில் தவளைகளும் ஊர்வனவும் எங்கெங்கு வாழ்கின்றன என்று கணக்கெடுக்கப்பட்டது. தன்னார்வலர் பலர் அதில் பங்கேற்றுத் தாம் கேட்ட குரல்களைப் பதிவு செய்தனர். ஜேம்சு கிப்சு, ஆல்வின் பிரெய்ச் என்னும் அறிஞர் இருவர் பழைய ஏட்டையும் புதிய பதிவையும் ஒப்பிட்டு, 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆராயப்பட்ட ஆறு இனங்களுள் நான்கு, நூற்றாண்டின் தொடக்கத்தைவிட 10 முதல் 13 நாள்கள் முன்னதாகவே குரலெழுப்பத் தொடங்கியிருந்தன. இரண்டு இனங்களில் மாற்றமில்லை. பிந்தியது ஒன்றுமில்லை. இனப்பெருக்கத்திற்குத் தவளைகள் ஆயத்தமாகும் மாதங்கள் பலவற்றில், அதே நூறாண்டில் வெப்பநிலை 1.0 முதல் 2.3 பாகை செல்சியசு வரை உயர்ந்திருந்தது.

இச்செய்தியில் இரண்டு நேர்மைகள் உள்ளன. கேட்ட நாளைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிய பழைய ஏட்டின் நேர்மை ஒன்று. இரண்டு இனங்கள் மாறவில்லை என்பதையும் மறைக்காமல் உரைத்த ஆய்வின் நேர்மை மற்றொன்று. இவ்விரண்டும் இல்லாதவிடத்து எழுப்பப்படும் எச்சரிக்கை வெறும் கூச்சலாகவே முடியும்.

சுழியமும் ஒரு செய்தியே

கேட்டலைப் பொதுமக்களின் பணியாக்க முடியுமா என்னும் வினாவிற்கு அமெரிக்காவின் ‘ஃபிராக்வாட்ச் யுஎஸ்ஏ’ என்னும் திட்டம் ஒரு விடை. 1998இல் தொடங்கிய இத்திட்டத்தின் தன்னார்வலர்கள், கதிரவன் மறைந்து அரைமணி நேரம் கழிந்தபின் தத்தம் பகுதியிலுள்ள நீர்நிலைக்குச் செல்வர். முதல் இரண்டு நிமிடங்கள் அசையாமல் நிற்பர். மனிதக் காலடியால் கலைந்த அமைதி மீள்வதற்கான நேரம் அது. அடுத்த மூன்று நிமிடங்கள் காதுகளைக் கைகளால் குவித்துக் கேட்பர். ஒவ்வோர் இனத்தின் குரலுக்கும் ஓர் எண் இடுவர். குரல்களைத் தனித்தனியே எண்ண முடிந்தால் 1. ஒன்றன்மேல் ஒன்று படிந்து கேட்டால் 2. இடைவெளியற்ற பேரொலியானால் 3.

ஒன்றும் கேட்கவில்லையெனில்? அப்போதும் எழுத வேண்டும். சுழியம் என்று எழுத வேண்டும். இத்திட்டத்தின் பொருள் பொதிந்த விதி இதுவே. ஒலியைக் கேட்க எவராலும் இயலும். ஒலி இல்லை என்று சொல்ல, அங்கே சென்று, நின்று, செவிகொடுத்தவரால் மட்டுமே இயலும். பல ஆண்டுகள் மூன்றாக இருந்த எண் இரண்டாகி, ஒன்றாகி, சுழியமாகும்போது அவ்வீழ்ச்சியை உலகுக்கு உணர்த்துவது, யாரும் பொருட்படுத்தாத அந்தச் சுழியமே.

நீர்நில வாழ்விகள் இன்றுள்ள நிலையில் அதன் தேவை மிகுதி. நீரும் நிலமும் ஆகிய இரண்டையும் சார்ந்து வாழ்வதாலும், தோலின் வழியே நீரையும் காற்றையும் உட்கொள்வதாலும், இவ்விரண்டிலும் நேரும் கேடு தவளையை விரைந்து தாக்குகிறது. 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு, நீர்நில வாழ்வி இனங்களுள் ஏறத்தாழ 41 விழுக்காடு அழிவின் அச்சுறுத்தலில் உள்ளதாகக் கூறுகிறது. முதுகெலும்புள்ள உயிர்களில் பறவைகளையும் பாலூட்டிகளையும்விட இவற்றின் நிலையே இரங்கத்தக்கது.

மறுப்பும் விடையும்

இதற்கு மறுப்புகள் எழலாம். ஒலிப்பதிவுக் கருவியை நீர்நிலையில் பொருத்திவிட்டால் இரவு முழுவதையும் அது பதிவு செய்யுமே, மனிதச் செவி எதற்கு என்பது முதல் மறுப்பு. கருவி பயனுடையதுதான், அதனை ஒதுக்க வேண்டியதில்லை. ஆயினும் கருவி, பொருத்தப்பட்ட இடத்தில் மட்டுமே கேட்கும். எந்தக் குளத்தில் பொருத்துவது என்று முடிவு செய்பவர், அக்குளத்தின்மேல் முன்பே அக்கறை கொண்டவராக இருத்தல் வேண்டும். அவ்வக்கறையைக் கருவி உண்டாக்குவதில்லை.

நாளைக் குறிப்பதால் தூர்ந்த குளம் நிறைந்துவிடுமா என்பது அடுத்த மறுப்பு. நிறையாது. குறிப்பேடு எந்தத் தவளையையும் நேராகக் காப்பதில்லை. ஆனால், இழப்பு நேர்ந்தது என்று சொல்பவரிடம் முதலில் கேட்கப்படுவது சான்று. சான்று இல்லாத துயரம் புலம்பலாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுகிறது. நாளும் இடமும் குறித்த ஓர் ஏடு கையில் இருக்குமானால், அதனை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

தமிழ்நிலத்தின் முதற்குரல்

குளம் உறையாத தமிழ்நாட்டில் முதற்குரல் என்று ஒன்று உண்டா என்னும் ஐயம் இங்கே எழுவது இயல்பு. உண்டு. குளிர்நாட்டுத் தவளை பனி உருகக் காத்திருக்கிறது. தமிழ்நாட்டுத் தவளை மழைக்குக் காத்திருக்கிறது. கோடையில் மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் இந்தியப் பெருந்தவளை, முதற்பெருமழையில் வெளிவந்து ஒலிக்கும். அப்போது ஆண் தவளையின் உடல் மஞ்சள் நிறமாகும்; தொண்டைப் பைகள் நீலமாக ஒளிரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் 2003இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஊதாத் தவளை, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிக்கிறது. பருவமழைக்கு முந்தைய மழையில், மெல்லிய மண்படலத்தின் அடியிலிருந்தே அது துணையை அழைக்கிறது. அதன் உறவினமான மற்றொரு தவளை, திருவில்லிபுத்தூரை ஒட்டிய மலைப்பகுதியிலிருந்து 2017இல் அறிவிக்கப்பட்டது. அவை இனப்பெருக்கத்திற்காக வெளிப்படும் நாள்கள் மிகச் சில. அந்நாள்களைத் தவறவிட்டவர் மற்றோர் ஆண்டு காத்திருக்க வேண்டும்.

தவளை கத்தினால் மழை வரும் என்பது உழவர் வழக்கு. நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. பாம்புக்கும் பறவைக்கும் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பது அதன் குரலே என்பது மெய். எனினும் துணையை அடைந்து, தன் இனத்தை வாழவைப்பதும் அதே வாய்தான். குரலெழுப்பினால் உயிருக்கு இடர். எழுப்பாவிடில் இனத்திற்கு முடிவு. இதனை நன்கு கேட்டறிந்த சமுதாயமே தேரை, நுணல், தவளை எனப் பல பெயர்களை வழங்கியிருக்க முடியும்.

அச்சமுதாயத்தின் முதியவர்கள் இன்றும், “அந்தக் காலத்தில் மழை பெய்தால் தவளைச் சத்தத்தில் உறங்க முடியாது” என்று சொல்வதைக் கேட்கலாம். எந்த ஆண்டுவரை அவ்வாறு ஒலித்தது, எந்தக் குளத்தில் முதலில் ஓய்ந்தது என்று வினவினால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. அவர்கள் கேட்டது உண்மை, நினைவும் உண்மை. நாள்தான் இல்லை. நாள் இல்லாமையால், ஓர் ஊரின் பெரும் அனுபவம் ஏக்கமாக மட்டும் எஞ்சி நிற்கிறது.

இக்குறையை நீக்கப் பள்ளிகளால் இயலும். ஒரு தடித்த குறிப்பேடு போதும். ஊரிலுள்ள ஒரு குளம் அல்லது ஏரி, நாள், நேரம், மழை பெய்ததா என்னும் செய்தி, கேட்ட குரலுக்கு ஓர் எண், கேட்காதபோது சுழியம். தவளையின் பெயர் தெரியாவிடினும் ஒலியின் தன்மையை எழுதி வைக்கலாம். கரையிலிருந்தே கேட்க வேண்டும். இரவில் தனியே செல்லாமல் பெரியவர் துணையோடு செல்ல வேண்டும். அக்குறிப்பு, நாள்தோறும் கிழித்தெறியப்படும் நாட்காட்டித் தாளில் அமையலாகாது. பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஈராண்டில் பள்ளியை விட்டு நீங்குவர். ஏடு அடுத்த வகுப்பினரின் கைக்கு மாற வேண்டும்.

தென்னையை நட்டவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை நட்டவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது முதுமொழி. குறிப்பேடு பனையின் இனத்தைச் சேர்ந்தது. 1900இல் இத்தாக்காவின் குளக்கரையில் நின்றவர், தம் குறிப்பு எதற்குச் சான்றாகும் என்பதை அறிந்திருக்க இயலாது, எனினும் எழுதினார். தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல் செவியால் கேட்பதையும் வினவுவதையும் ஒருங்கே குறிக்கும். இன்று கேட்டு எழுதுபவர் ஒருவர். அவ்வெழுத்தைக் கொண்டு வினவப்போகிறவர், இன்னும் பிறவாத மற்றொருவர். அவர் வினவும்போது விரித்துக் காட்ட ஓர் ஏடு இருக்க வேண்டுமாயின், வரும் மழையின் முதல் இரவிலேயே அதன் முதற்பக்கம் எழுதப்பட வேண்டும்.