வீரரா, காளையா?

சண்டை இல்லை, காயம் இல்லை. எனவே போக்கியத்லான் மாசற்ற தடகள விளையாட்டு என்று முடிவுகட்டுவது சோம்பல் வாசிப்பு. 2010இல் உலகெங்கும் பரவிய போக்கிமான் ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் காணொளி ஆட்டங்களில் இடம்பெறும் இப்போட்டிகளில், மூன்று உயிரினங்கள் ஓர் அணியாகத் தடை தாண்டும், வட்டு பிடிக்கும், பனிப்பந்து எறியும். போட்டிக்கு முன் ஏப்ரிகார்ன் சாறு புகட்டினால் வேகமோ வலிமையோ ஏறும். சாற்றுக் குவளையைச் சுமந்து நடந்து அதைப் பக்குவப்படுத்துபவர் ஆட்டக்காரர், குடிப்பவர் அவரல்லர்.

அதே 2010 அக்டோபரில், மந்திர் மார்க்கை அடுத்த தால்கட்டோரா உள்ளரங்கில் காமன்வெல்த் குத்துச்சண்டை நடந்தது. தம் உடலுக்குள் செல்லும் ஒவ்வொரு சொட்டுக்கும் வீரரே பொறுப்பு என்பது ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின் அடிப்படை. அப்பொறுப்பை அவர்மீது சுமத்த முடிவது, அவரால் மறுக்க முடியும் என்பதால்தான். போக்கிமானுக்கு மறுப்பு என்றொரு பொத்தானே இல்லை. அதை விளையாட்டு வீரரோடு ஒப்பிடும் ஆய்வு அங்கேயே வழுக்குகிறது. ஒப்பிட வேண்டியது ஜல்லிக்கட்டுக் காளையோடு: 2014இல் உச்ச நீதிமன்றம் தடைவிதித்த தீர்ப்பில் பதிவான கொடுமைகளுள், காளைக்கு வலிந்து திரவம் புகட்டுவதும் ஒன்று. தடையை ஏற்றோரும் எதிர்த்தோரும் காளையின் நலனை முன்வைத்தே வாதிட்டனர். போக்கியத்லானைப் புகழ்வோர் அந்த வாதத்தின் வாசலுக்குக்கூட வரவில்லை.