முப்பது மணி நேரம் யார் கணக்கில்?

லாரி ஓட்டும் தோழருக்கு லைசென்சு உண்டு. ஆலையில் கொதிகலனைக் கவனிக்கும் தோழருக்குச் சான்றிதழ் உண்டு. அது இல்லாதவரை வேலைக்கு வைத்தால், வைத்தவன் குற்றவாளி. மனித உயிரைக் கையில் வாங்குகிற நர்சுக்கும் அப்படியொரு பதிவு உண்டு. நம் தோழர்களில் பலர் அதைப் பற்றி எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஊசி போட வந்தவரிடம் "உங்கள் பதிவு எண் என்ன?" என்று எந்த நோயாளியும் கேட்பதில்லை, கேட்கும் நிலையிலும் அவன் இருப்பதில்லை.

அவனுக்காகச் சட்டம் கேட்கிறது. 1926ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் நர்சுகள், தாதிகள் சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழி வந்ததுதான் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சில். 1947இல் இந்தியா முழுமைக்கும் நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. மூன்றாண்டுப் பட்டயப் படிப்போ, நான்காண்டுப் பட்டப்படிப்போ படித்துத் தேறினால் மட்டும் போதாது. மாநிலக் கவுன்சிலுக்கு விண்ணப்பித்து, பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகே ஒருவர் நர்சாக வேலை செய்யலாம். வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போனால், இங்கே தடையில்லாச் சான்று வாங்கி அங்கே மீண்டும் பதிய வேண்டும். அண்மை ஆண்டுகளில் ஆதாரோடு இணைத்து நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடு, ஆளுக்கொரு தனி எண் என்னும் ஏற்பாடும் வந்திருக்கிறது.

அத்துடன் வந்ததுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி. பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த ஐந்தாண்டுக்குள் 150 மணி நேரம், அதாவது ஆண்டுக்கு 30 மணி நேரம், தொடர்கல்வி பெற்றதற்குச் சான்று காட்ட வேண்டும். இது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த முறை.

இதை நாம் எதிர்க்கிறோமா? இல்லை. ஒருமுறை படித்ததை வைத்துக்கொண்டு முப்பதாண்டு ஓட்டுகிற வேலையல்ல இது. 2020இல் கொரோனா வந்தபோது என்ன நடந்தது? கவச உடையை எந்த வரிசையில் அணிவது, அதைவிட முக்கியமாக எந்த வரிசையில் கழற்றுவது என்பதை இருபதாண்டு அனுபவமுள்ள நர்சும் சில நாட்களில் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கழற்றுவதில் தவறினால் தொற்று அவருக்கு. அவர் வழியே வீட்டிலிருக்கும் குழந்தைக்கு. மருந்துகள் மாறுகின்றன, அளவுகள் மாறுகின்றன, படுக்கையருகே நிற்கும் கருவிகள் மாறுகின்றன. படிக்காத நர்சின் கையில் முதலில் அகப்படுகிறவன் அரசு ஆஸ்பத்திரியின் தரையில் பாய் விரித்துப் படுக்கும் ஏழைதான். ஆகவே படிப்பு வேண்டும், பதிவும் வேண்டும் என்பதே நம் கட்சி.

பதிவே கூடாது என்று சொன்னவர்களும் வரலாற்றில் உண்டு. அதிலே ஒருவர் யார் தெரியுமா? பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்! நல்ல நர்சின் குணத்தைப் பரீட்சையாலும் பட்டியலாலும் அளக்க முடியாது என்பது அவர் வாதம். அம்மையாரின் தொண்டை நாம் மதிக்கிறோம். இந்த வாதத்தை ஏற்க மாட்டோம். காலமும் ஏற்கவில்லை. நியூசிலாந்து 1901இல் சட்டம் செய்தது. இங்கிலாந்து 1919இல் செய்தது.

இன்று பதிவேட்டைக் கண்டு அஞ்ச வேண்டியவர்கள் நர்சுகள் அல்லர். பள்ளிப் படிப்பை முடித்த ஏழைப் பெண்ணுக்கு வெள்ளை உடுப்பு மாட்டி, சில மாதம் எடுபிடி வேலை பழக்கி, "சிஸ்டர்" என்று அழைக்கச் செய்து, அற்பச் சம்பளம் கொடுக்கும் நர்சிங் ஹோம் முதலாளிகளே அஞ்ச வேண்டும். அந்தப் பெண்மீது நமக்குக் கோபமில்லை, பிழைக்க வந்தவள். அவளைக் காட்டியே "பத்தாயிரத்துக்கு ஆள் கிடைக்கும்போது உனக்கு எதற்கு இருபதாயிரம்?" என்று படித்த நர்சின் கூலியை அமுக்குகிறானே, அவன்மீதுதான் கோபம். பதிவேடு கண்டிப்பாக நடந்தால் நோயாளிக்கும் காப்பு, நர்சின் கூலிக்கும் காப்பு.

நம் கேள்வி வேறு. அந்த முப்பது மணி நேரம் யாருடைய நேரம்?

கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்தில் நர்சுகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கிறார்கள். அதற்குள் 35 மணி நேரக் கல்வி. ஆண்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இரண்டாண்டுக்கு 30 மணி. அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டு டாக்டர்களுக்கு 2002ஆம் ஆண்டின் ஒழுக்க விதிகள் சொல்வது ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம். அதே ஐந்தாண்டுக்கு நர்சுக்கு 150! டாக்டர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நோயாளியின் பக்கத்தில் இரவெல்லாம் நிற்பவருக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும் என்று கவுன்சில் கருதினால் கருதட்டும். ஆனால் அதிகம் கேட்பவர்கள் அதிகம் கொடுத்தார்களா?

வகுப்பு எப்போது நடக்கிறது? பெரும்பாலும் நர்சின் ஓய்வு நாளில். இரவு முழுதும் டூட்டி பார்த்துவிட்டு, காலையில் பஸ் பிடித்து, கருத்தரங்கு மண்டபத்தில் போய் உட்கார வேண்டும். கட்டணம் அவர் கையிலிருந்து, பஸ் செலவு அவர் கையிலிருந்து, புதுப்பிக்கும் தொகையும் அவர் கையிலிருந்து. கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் தலையில் என்ன ஏறும்? ஏறுகிறதோ இல்லையோ, சான்றிதழ் கிடைக்கும். கல்வி போய்க் காகிதம் நிற்கும். படிக்க நேரம் கொடுக்காமல் சான்றிதழ் மட்டும் கேட்டால் சான்றிதழ் வியாபாரம்தான் வளரும். இதைச் சொல்லப் பெரிய ஜோசியம் தேவையில்லை.

"லைசென்சு அவளுடையது, அதன் செலவும் அவளுடையது" என்பார்கள் முதலாளிகள். லைசென்சு அவருடையதுதான். அதன் பலன் யாருக்கு? "பயிற்சி பெற்ற நர்சுகள் இருபத்து நான்கு மணி நேரமும்" என்று வாசலில் பலகை மாட்டி, நோயாளியின் பில்லில் நர்சிங் கட்டணம் என்று தனி வரி போடுகிறவர் யார்? இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் செலவை எந்த ஆலை முதலாளியாவது தொழிலாளியிடம் கேட்டதுண்டா?

இதற்கு என்ன செலவாகும் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்த்தோம். முப்பது மணி நேரம் என்பது எட்டு மணி ஷிப்டில் நான்கு ஷிப்டுக்கும் குறைவு. ஆண்டுக்கு நான்கு நாள் சம்பளத்தோடு விட்டால் தீர்ந்தது. நூறு நர்சுகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் ஆண்டுக்கு நானூறு நாள். வார ஓய்வும் விடுப்பும் போக ஒரு நர்சு ஆண்டுக்கு ஏறத்தாழ 280 நாள் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாக இரண்டு பேரை நியமித்தால் போதும். நூற்றுக்கு இரண்டு! இதற்கா கஜானா காலியாகும்? இதற்கா ஆஸ்பத்திரிகள் இழுத்து மூடப்படும்?

சர்க்காரும் இதில் தப்ப முடியாது. தேர்வு வாரியத்தின் மூலம் 2015இல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட ஒப்பந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்ததைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பதிவேட்டைப் பொறுத்தவரை நிரந்தர நர்சு, ஒப்பந்த நர்சு என்ற வித்தியாசம் கிடையாது. இருவருக்கும் அதே 150 மணி. சம்பளத்தில் மட்டும் அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? தனியார் ஆஸ்பத்திரிகளின் கதை இன்னும் மோசம். 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது; இருநூறு படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்சின் சம்பளத்துக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்றது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தை யாரும் சாப்பிட முடியாது.

2023இல் நாடாளுமன்றம் தேசிய நர்சிங், தாதியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. மாநிலங்களுக்கும் ஆணையம் உண்டு. டெல்லியில் எல்லாவற்றையும் குவிக்கும் போக்கைப் பற்றி நமக்குள்ள ஐயத்தை வேறொரு நாள் எழுதுவோம். பெயர்ப்பலகை மாறுவதால் நர்சின் ஓய்வு நாள் திரும்பக் கிடைத்துவிடாது என்பதை மட்டும் இப்போது சொல்கிறோம். விதிகளில் எழுதினால்தான் கிடைக்கும்.

எழுதட்டும்: தொடர்கல்வி நேரம் வேலை நேரமே; கட்டணம் வேலை கொடுப்பவர் பொறுப்பு; ஒப்பந்த நர்சுக்கும் இது பொருந்தும். பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வகுப்புகளை அங்கேயே, ஷிப்டுக்கு ஏற்றபடி, தமிழில் நடத்தட்டும். பிள்ளைப்பேற்றுக்காக ஒதுங்கியிருந்து திரும்பும் பெண்ணைப் பதிவு காலாவதி என்று வாசலிலேயே நிறுத்தாமல், விட்ட மணி நேரத்தைப் படித்து முடிக்க அவகாசம் கொடுக்கட்டும். பதிவில்லாதவரை நர்சாக வைத்திருக்கும் ஆஸ்பத்திரியைச் சோதனை போடட்டும். தண்டனை அதன் உரிமையாளருக்கு.

நர்சு என்பவர் யாரோ அல்லர். பீடி சுற்றும் தாயின் மகள், தறி நெய்கிறவரின் தங்கை, கடன் வாங்கிப் படிக்க வைத்த ஆட்டோ ஓட்டுநரின் பெண். அண்மைக் காலத்தில் நம் வீட்டுப் பையன்களும் அந்தப் படிப்புக்குப் போகிறார்கள். ஆகவே இதை நர்சுகள் சங்கம் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டாம். அடுத்த கிளைக் கூட்டத்தில், ஆலை வாயில் கூட்டத்தில், நான்கு நாள் சம்பளத்தோடு கூடிய கல்வி விடுப்பு என்பதைத் தீர்மானமாக வைத்து, நிறைவேற்றிய நகலைச் சுகாதார அமைச்சருக்கும் மாநிலக் கவுன்சிலுக்கும் அனுப்பும்படி கிளைத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.