எரிமலைக்குச் சீட்டு! அருவிக்குப் பூட்டு!

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிய ஆனி மாதத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஊருக்கு வந்தான். ஆலங்குளத்தை அடுத்த கிராமம் எங்களுடையது. பையன் ஓர் உல்லாசக் கப்பலில் சமையல் கட்டு வேலைக்காரன். தகப்பன் இல்லை. தாய் பீடி சுற்றுகிறாள். நடவு வந்தால் சுளகை ஒதுக்கி வைத்துவிட்டு வயலுக்குப் போவாள். ஒன்பது மாதம் கடலில் கிடந்து வந்தவனைத் திண்ணையில் உட்கார வைத்து, என்னென்ன பார்த்தாய் என்று நாலு பேர் கேட்டோம்.

"எரிமலை பார்த்தேன், அண்ணாச்சி. எட்னா" என்றான்.

இத்தாலி தேசத்தின் காலடியில் கிடக்கும் தீவு சிசிலி. அந்தத் தீவில் 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது எட்னா. நம் பொதிகை உச்சியைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு உயரம். இன்றும் அணையாத மலை. 1669ல் அது கக்கிய நெருப்புக் குழம்பு கட்டானியா பட்டணம் வரை வந்தது. இன்று அதே கட்டானியாத் துறைமுகத்தில்தான் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. காலையில் கப்பல் கரை சேரும். பிரயாணிகளுக்காக பஸ்கள் வரிசையாகக் காத்திருக்கும். கப்பல் கட்டணம் வேறு, மலைப் பயணச் சீட்டு வேறு! பஸ் பாதி மலை வரை ஏறும். கனவான்களும் சீமாட்டிகளும் கறுத்த சாம்பல் மேட்டில் நடந்து, அவிந்து போன பள்ளங்களை எட்டிப் பார்த்துப் படம் பிடித்துக் கொள்வார்கள். அப்புறம் தவோர்மினா என்ற மலையூர். அங்கே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கல் அரங்கம் இருக்கிறது. அதன் படிக்கட்டில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் புகையும் மலை. அதையும் பார்த்து, கடைத்தெருவையும் சுற்றிவிட்டு, கப்பல் கிளம்பும் முன்னே திரும்பிவிட வேண்டும்.

"நீ எத்தனை தடவை ஏறினாய்?" என்றேன்.

பையன் சிரித்தான். "ஆறு தடவை கட்டானியா போயிருக்கேன். குப்பைக் கூடையைத் தூக்கிக்கிட்டு பின்தட்டுக்குப் போவோமில்லையா, அப்போ பார்ப்பேன். புகை தெரியும். அவ்வளவுதான்."

பிரயாணிகள் இறங்கிய கப்பலில்தான் வேலை அதிகம். அரிசி, காய்கறி, இறைச்சி எல்லாம் ஏற்ற வேண்டும். அறைகளைத் துடைக்க வேண்டும். மாலையில் பசியோடு திரும்பும் ஆயிரக்கணக்கான வயிறுகளுக்குச் சமைக்க வேண்டும். கடல் தொழிலாளிக்குச் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2006ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஓர் ஒப்பந்தம் செய்தது. எட்டு மணி நேரமே நியதி என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதிய கையோடு, ஒரு நாளைக்கு 14 மணி வரை, ஒரு வாரத்துக்கு 72 மணி வரை போகலாம் என்று கொல்லைப்புறக் கதவையும் திறந்து விட்டார்கள்! 1886ல் சிகாகோ வீதியில் எட்டு மணி நேரத்துக்காக ரத்தம் சிந்தி 120 ஆண்டு கழிந்த பிறகு வந்த சட்டம் இது. கரையில் இறங்க மாலுமிக்கு விடுப்புத் தர வேண்டும் என்றும் அதில் உண்டு. ஆனால் கப்பல் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல்! இடைஞ்சலா இல்லையா என்று தீர்மானிப்பது யார்? கப்பலை நடத்துகிறவர்தான். அந்தக் கப்பல்களோ கம்பெனி ஓரிடம், கொடி ஓரிடம் என்று ஓடுபவை. பஹாமாஸ் கொடி, பனாமா கொடி என்று எங்கே வரியும் கெடுபிடியும் குறைவோ அங்கே பதிந்து கொள்கிறார்கள்.

அந்தத் தவோர்மினா ஊரைப் பற்றி நான் புத்தகத்தில் படித்த ஒரு கதையைப் பையனுக்குச் சொன்னேன். நீங்களும் கேட்க வேண்டும். ரோமாபுரிப் பிரபுக்களுக்குச் சோறு போட்ட கோதுமைக் களஞ்சியம் சிசிலி. அங்கே உழுதவர்கள் அடிமைகள். சூடு போட்டு, சங்கிலி மாட்டி, அரை வயிற்றுக்குக் கூடப் போடாமல் வேலை வாங்கினார்கள். கி.மு. 135 வாக்கில் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். யூனஸ் என்ற சிரியா தேசத்து அடிமை அவர்களுக்குத் தலைவன். பண்ணைகளை மட்டுமல்ல, பட்டணங்களையே பிடித்தார்கள். அவற்றில் ஒன்று இந்தத் தவோர்மினா. ரோமானியப் படை மலையூரை வளைத்துக்கொண்டு உணவு போகாமல் தடுத்தது. உள்ளே இருந்தவர்கள் பசியில் செத்தார்கள், பணியவில்லை. கடைசியில் கி.மு. 132ல், உள்ளிருந்த ஒருவன் காட்டிக் கொடுத்ததால் ஊர் வீழ்ந்தது. பிடிபட்ட அடிமைகளைச் சித்திரவதை செய்து மலையுச்சியிலிருந்து பள்ளத்தில் தள்ளினார்கள். சீட்டு வாங்கிக் கொண்டு அந்த ஊருக்கு ஏறுகிறவர்களில் எத்தனை பேர் காதில் இது விழுகிறதோ! அதே கடலோரத்தில் அரிசி மூட்டை தூக்கிய நம் பையன் காதில் அதுவரை விழவில்லை.

இவ்வளவு நேரமும் இலை வெட்டிக் கொண்டே கேட்டிருந்த தாய் தலையைத் தூக்கினாள். "அந்தப் பொகை மலை கெடக்கட்டும் ஐயா. என்னைய ஒரு நாளு குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போறியா?"

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் குற்றாலம் ஒரு மணி நேரம். மகனுக்குக் காது குத்திய வருஷம் போனவள், அதற்குப் பிறகு போகவில்லை! எட்னாவுக்கு ஆறு தடவை போயும் மலையில் ஏறாத மகன். கூப்பிடு தூரத்தில் அருவி இருந்தும் இருபது வருஷமாய் அதில் நனையாத தாய்.

குற்றாலம் என்ன, பார்த்துவிட்டு வரும் காட்சியா? உழைத்த உடம்புக்கு அது வைத்தியம். குனிந்து நாற்று நட்ட முதுகிலும், ராட்டுப் பக்கம் நின்றே மரத்துப் போன காலிலும், சுளகை மடியில் வைத்து இறுகிப் போன கழுத்திலும் அந்தத் தண்ணீர் வந்து அடிக்க வேண்டும். அடித்தவன் யாரென்று தெரியாது, வலி போன இடமும் தெரியாது! எண்ணெய், சோப்பு, சீயக்காய் வேண்டாம் என்று தடை போட்டிருப்பது சரியே. அருவிக்கு அவை தேவையில்லை.

இந்தத் தண்ணீருக்கும் வேலி போடப் பார்த்தவர்கள் எக்காலத்திலும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினிக்காரன் இங்கே ஜாதிக்காய், கிராம்பு, லவங்கத் தோட்டம் போட்டான். சீசனுக்கு வெள்ளைக்காரத் துரைமார் வந்து தங்க பங்களா கட்டினான். வெளியிலிருந்து வந்தவன் மட்டுமா? நம் சாதித் திமிரும் சும்மா இருக்கவில்லை. 1934ல் காந்தி குற்றாலம் வந்தார். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அங்கே இடமில்லை என்று அறிந்து, குளிக்காமலே திரும்பினார். அந்தத் தடை உடைந்து, சேரிப் பிள்ளையும் அக்கிரகாரத்துப் பிள்ளையும் ஒரே தண்ணீரில் தலை நீட்டும் நிலை சும்மா வந்துவிடவில்லை.

வந்த பிறகும் என்ன நடந்தது? ஐந்தருவிக்கு மேலே பழத்தோட்ட அருவி என்று ஒன்று உண்டு. சர்க்கார் தோட்டத்துக்குள் இருக்கிறது. மந்திரிமார், பெரிய அதிகாரிகள், அவர்கள் வீட்டார் குளிக்க என்றே பல காலம் அது ஒதுக்கப்பட்டிருந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'வி.ஐ.பி. அருவி'. இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தப் புலவரும் வைத்திருக்க முடியாது!

அதற்கும் மேலே போய்விட்டார்கள் விடுதி முதலாளிகள். பேரருவிக்குப் போய் வரிசையில் நிற்பானேன், அருவியையே வீட்டுக்குக் கொண்டுவந்து விடலாமே என்று தோன்றியிருக்கிறது. மலையிலிருந்து வரும் ஓடையைத் திருப்பி, பாறை போலச் சிமெண்டு பூசி, வாடகை கொடுத்தவருக்கு மட்டும் என்று செயற்கை அருவி! இந்த அக்கிரமம் கோர்ட்டு வரை போயிற்று. இயற்கை அருவிகளின் போக்கை மாற்றிச் செயற்கை அருவி அமைத்த விடுதிகளைக் கண்டுபிடித்து மூட வேண்டும் என்று 2022 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. குற்றாலத்துக்கு மட்டுமல்ல, மற்ற மலை ஜில்லாக்களுக்கும் சேர்த்து.

"பணம் படைத்தவன் தனியே குளித்தால் உனக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். நஷ்டம் குளியலில் மட்டும் இல்லை. பேரருவி என்பது சிற்றாறுதான். பொங்குமாங்கடலில் விழுந்து, நம் தலையை நனைத்துவிட்டு, அந்த ஆறு தென்காசியைத் தொட்டுக் கொண்டு ஓடுகிறது. வழியெல்லாம் அணைக்கட்டு, கால்வாய், குளம். கடைசியில் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. மேலே ஓடையைத் திருப்புகிறவன் கீழே இருக்கும் கடைமடைக்காரனின் மடையில் கை வைக்கிறான். நாற்றங்கால் காய்ந்தால் நிலக்காரனுக்கு ஒரு போகம் போகும்; நடவுக்காரிக்கு அடுத்த வாரத்து அரிசி போகும்.

விழும் தண்ணீரில் லாபம் இருக்கிறது என்பதை முதலாளிகள் நேற்றுத் தெரிந்து கொள்ளவில்லை. பாபநாசத்தில் தாமிரபரணி விழும் வேகத்தைக் கண்டுதான் 1880களில் ஹார்வி துரைமார் அங்கே பஞ்சாலை கட்டினார்கள். தண்ணீர் சக்கரத்தைச் சுற்றியது, சக்கரம் கதிரைச் சுற்றியது, கதிரோடு சேர்ந்து விக்கிரமசிங்கபுரத்துத் தொழிலாளியும் தலைமுறை தலைமுறையாய்ச் சுற்றினான். அவன் வீட்டுக்கும் அருவி தூரமில்லை. ஷிப்டு விட்டால்தானே!

சுற்றுலாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர் குற்றாலத்துக் கடைக்காரர்களை மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்க்கட்டும். மங்குஸ்தான், ரம்புத்தான் விற்கும் கிழவி, ஆட்டோ ஓட்டுகிறவர், பரோட்டாக் கடையில் மாவு பிசைகிற பையன், எல்லாருக்கும் சீசன்தான் அறுவடை. ஜனங்கள் வரட்டும், இன்னும் வரட்டும்! வருகிறவர்களுக்கு என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி. பெண்கள் உடை மாற்ற ஒழுங்கான இடம், நனைந்த பிள்ளைகளோடு ஒதுங்க ஒரு கொட்டகை, கிராமங்களிலிருந்து நேராக வர நியாயக் கட்டணத்தில் பஸ். தென்காசி 2019 நவம்பரில் தனி ஜில்லா ஆயிற்று. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்ததன் பலன் இப்படிப்பட்ட காரியத்தில் தெரிய வேண்டாமா?

உயிருக்குக் காவலும் வேண்டும். 2024 மே 17ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக் கொண்டு போயிற்று. மழை மேலே காட்டில் பெய்கிறது. கீழே குளிக்கிறவனுக்கு வெயில் அடிக்கிறது. அவன் எப்படி அறிவான்? எட்னாவும் இப்படித்தான், 2025 ஜூன் 2ந் தேதி வெடித்துச் சாம்பல் மேகம் உருண்டபோது பிரயாணிகள் சரிவில் ஓடிய ஓட்டத்தை உலகமே பார்த்தது. மலையை யாரும் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் காட்டுக்குள் மழையை அளந்து, நீர் ஏறுமுன் சங்கு ஊதுவது மனிதனால் ஆகிற காரியம். பஞ்சாலை வாசலில் ஒரு நிமிஷம் தவறாமல் சங்கு ஊதத் தெரிந்த தேசம்தானே இது!

இவை எல்லாம் இருந்தும் நாள் இல்லை என்றால்? பிரான்சு தேசத்துத் தொழிலாளிகளுக்கும் 1936 வரை நாள் இல்லை. அந்த வருஷம் மே, ஜூன் மாதங்களில் லட்சக்கணக்கானவர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டம் வந்தது. ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடியும் வந்தது. வாழ்நாளில் கடலையே பார்த்திராத நெசவாளியும் சுரங்கத் தொழிலாளியும் அந்தக் கோடையில் பெண்டு பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனார்கள். கடற்கரை தங்கள் பாட்டன் சொத்து என்று எண்ணியிருந்த சீமான்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்!

நம் நாட்டில் 1948 தொழிற்சாலைச் சட்டம் 240 நாள் வேலை செய்தவனுக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுப்புத் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலாகியிருக்கும் புதிய தொகுப்புச் சட்டத்தில் 240 என்பது 180 ஆகியிருக்கிறது. அந்த ஒரு வரி நல்ல வரிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மஸ்டரில் பெயரை வெட்டி வேறு கான்ட்ராக்டர் கணக்கில் எழுதினால் 180 நாள் எங்கே நிறையும்? வயலில் வேலை செய்கிறவளுக்கு எந்த மஸ்டர்? வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவளுக்கு ஞாயிறு எது, திங்கள் எது? சுற்றாத நாள் கூலியில்லாத நாள். அவள் குற்றாலம் போய்வர ஆகும் செலவில் பஸ் கட்டணம் சின்னக் கணக்கு. விட்டுப்போன ஆயிரம் பீடிதான் பெரிய கணக்கு.

மகன் அந்தக் கணக்கையும் தீர்த்தான். "ஆயிரம் பீடிக்கு உள்ளதை நான் தாரேன்மா, வா" என்று ஒரு புதன்கிழமை அழைத்துப் போனான். என்னையும் கூப்பிட்டார்கள். தென்காசிக் கோபுரத்தை பஸ்ஸிலிருந்தே பார்த்து அவள் கும்பிட்டாள். 1990ல் அது எழும்பும் முன்னே மொட்டைக் கோபுரமாக நின்றதை நான் அவளுக்கு நினைவூட்டினேன். குற்றாலம் போய் இறங்கினால், முந்திய இரவு மலையில் பெய்த மழையில் பேரருவி செம்மண் நிறமாய்ப் பொங்கிக் கொண்டிருந்தது. போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் விலக்கிக் கொண்டிருந்தார். அவர் செய்தது சரி.

பாலத்தருகே நின்று பார்த்தோம். சாரல் மட்டும் முகத்தில் விழுந்தது. பகல் இரண்டு மணி வரை காத்திருந்தோம், திறக்கவில்லை. மகனுக்கு வெள்ளிக்கிழமை ரயில், கப்பல் கூப்பிட்டுவிட்டது. தாய்க்கு மறுநாள் காலை பீடி கொண்டுபோய் எண்ணிக் கொடுக்க வேண்டும். நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி, "திறந்திருவாகளா, இன்னும் ஒரு மணி நேரம் பாப்பமா?" என்று மகனைக் கேட்டாள். அவன் பஸ் நேரத்தைப் பார்த்தான்.