காற்றைக் கொள்ளையிட்டவர் யார்?

ஒரு காலத்தில் குற்றமென்று சட்டம் சுட்டிக்காட்டிய குரல்கள், இன்று அயர்லாந்தின் தலைநகராகிய தபுளினில், ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் காப்பறையில் நாட்டுச் செல்வமெனப் பேணப்பெறுகின்றன. அரசின் உரிமம் பெறாமல் நடந்த வானொலி நிலையங்களின் ஒலிப்பதிவுகளே அவை. அவற்றுள் மிகப் பலவற்றை அந்நிலையங்கள் பதிந்து வைக்கவில்லை. காவலர் எந்நேரத்தில் கதவைத் தட்டுவரோ, கருவிகளை எந்நாளில் வாரிக்கொண்டு போவரோ என்று நடந்த நிலையத்திற்குக் காப்பகம் ஏது? கேட்டவர்களே பதிந்தனர். வீட்டு வானொலிப் பெட்டியிலிருந்து ஒலிப்பேழையில் பிடித்து, உறைமேல் நிலையத்தின் பெயரையும் நாளையும் அலைவரிசை எண்ணையும் தம் கையால் எழுதி அடுக்கி வைத்தனர். இதற்கென்றே இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து பதிந்து சென்ற ஆர்வலரும் உண்டு. அரசு செய்யாததை எளியோர் செய்தனர் என்று பாராட்டுவது முறையே. ஆயினும், அப்பேழைகளுள் எம்மொழி ஒலிக்கின்றது என்று செவிசாய்த்துக் கேட்பது அதனினும் முறையாகும்.

இந்நிலையங்களுக்கு ஆங்கிலம் இட்ட பெயர் ‘கடற்கொள்ளை வானொலி’ என்பது. கொள்ளை என்பது பிறர் பொருளை வலிந்து கவர்தல். காற்று எவர் பொருள்? 1926ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று தபுளினில் அரசு வானொலி தொடங்கியது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி ஒலிபரப்புவதைக் குற்றமாக்கிற்று. வான்வெளி முழுவதையும் வேலியிட்டு வளைத்துக்கொண்டவன் உடையவன். வேலியோரம் நின்று ஒரு சொல் பேசியவன் கொள்ளையன்! பெயரிடும்போதே தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது.

இத்தனைக்கும் அவ்வரசு தன் பிறப்பென்று கொண்டாடும் நிகழ்ச்சியிலேயே உரிமமில்லா ஒலிபரப்பு ஒன்று பிணைந்து கிடக்கிறது. 1916ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் எழுச்சியின்போது, போராளிகள் தபுளினின் சாக்குவில் தெருவிலிருந்த கம்பியில்லாத் தந்திப் பள்ளியைக் கைப்பற்றி, அங்கிருந்த பொறியைச் செப்பனிட்டு, அயர்லாந்து குடியரசாயிற்று என்னுஞ் செய்தியை மோர்சுக் குறியொலியாக வானில் விடுத்தனர். குறித்த ஒருவர்க்கென்றில்லாமல், கேட்கும் கப்பல் எதுவாயினும் கேட்கட்டும் என்று விடுத்த செய்தி அது. உலகின் முதல் வானொலி ஒலிபரப்பே அதுதான் என்று கொள்வாரும் உளர். அவர்கள் எவரிடம் உரிமம் வாங்கினர்?

அவ்வெழுச்சியில் உயிர்நீத்தவருள் ஒருவர் ஓராகிலி. ஐரிசு மொழிக்கென உழைத்த கேலியக் கழகத்தினர். அக்கழகத்தின் இதழை நடத்துவதில் பங்குகொண்டவர். அவருடைய பேரனாகிய இரோனன் ஓராகிலி, 1964ஆம் ஆண்டு தம் தந்தையாரின் கிரீனோர்த் துறைமுகத்தில் ஒரு கப்பலுக்கு ஒலிபரப்பிக் கருவிகளைப் பொருத்தி, இங்கிலாந்தின் கரைக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்திக் ‘கரோலைன்’ வானொலியை நடத்தினார். பாட்டனார் தாய்மொழிக்கு இதழ் நடத்தினார். பேரனார் ஆங்கிலத் துள்ளிசைக்குக் கப்பல் விட்டார். இந்த இரண்டு தலைமுறை இடைவெளியில் அயர்லாந்தின் மொழிநிலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

எனினும் உரிமமில்லா வானொலி அனைத்தும் அவ்வழியே போகவில்லை. நாட்டின் மேற்குக் கரையில், கல்லும் சதுப்பும் கடலுமாகக் கிடக்கும் கொன்னமரா, ஐரிசு மொழியை வீட்டிலும் தெருவிலும் இன்றளவும் வழங்கிவரும் நிலம். அத்தகைய நிலப்பகுதிகளைக் கேல்தாக்து என்பர். 1937ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம், தன் 8ஆம் பிரிவில், ஐரிசே நாட்டுமொழி, ஐரிசே முதல் ஆட்சிமொழி என்று எழுதி வைத்தது. ஏட்டில் முதலிடம், வானொலியிலோ ஓரத்தில் ஓரிடம்! கொன்னமராவின் மீனவனும் உழவனும் தம் அரசின் குரலைக் கேட்க வேண்டுமாயின், பெரும்பொழுதும் அதனை ஆங்கிலத்திலேயே கேட்டாக வேண்டும். அந்நிலையைப் பொறாத இளைஞர்கள் 1969ஆம் ஆண்டு கேல்தாக்துக் குடியுரிமை இயக்கத்தைத் தோற்றுவித்தனர். தம் மொழியில் ஒரு வானொலி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. வேண்டுகோள் எழுதி அனுப்பிவிட்டு விடைக்குக் காத்துக் கிடக்கவில்லை அவர்கள். 1970ஆம் ஆண்டு இரோசுமக் என்னும் ஊரில் ஓர் ஒலிபரப்பியைத் தாமே இயக்கிப் பேசத் தொடங்கினர். 1916 எழுச்சியின் தலைவராகிய பியர்சு, ஐரிசு மொழி வாழும் மண்ணிலே தங்க வேண்டுமென்று குடில் கட்டியிருந்த ஊரும் அதுவே. தம் நிலையத்திற்கு அவர்கள் இட்ட பெயர் ‘சீர் இராடியோ கொன்னமரா’. அவர்கள் மொழியில் அம்முதற்சொல்லுக்குக் கட்டற்றது, விடுதலையுடையது என்று பொருள். அயலார் கொள்ளை என்றதைத் தம் மொழியில் விடுதலை என்று பெயர் மாற்றினார்களே, அதுவே பாதி வெற்றி.

அந்நிலையம் நடந்தது சில நாள்களே. ஆனால் 1972ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆம் நாளன்று, கேல்தாக்து மக்களுக்கென்றே ஐரிசு மொழி வானொலி ஒன்றை அரசே தொடங்கியது. கொன்னமராவிலேயே அதன் தலைமையிடமும் அமைந்தது. ஆங்கிலப் பாடல் ஒன்றையும் ஒலிபரப்புவதில்லை என்னும் நெறியை அது 2005ஆம் ஆண்டு வரை காத்தது. அந்நெறியைக் குறுகிய நோக்கு என்று பழித்தோர், மற்ற அலைவரிசைகள் எல்லாவற்றிலும் ஆங்கிலப் பாடல்கள் நாள் முழுதும் ஒலித்ததை ஏன் எண்ணவில்லையோ? அதே இரோசுமக்கில் 1987ஆம் ஆண்டு உரிமமில்லாத் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஒன்றும் நடந்தது. 1996ஆம் ஆண்டு ஐரிசு மொழித் தொலைக்காட்சியும் அரசால் வந்தது. இடையிலே உழைத்தவர் பலர்; முறையீடுகளும் பல. எனினும், சட்டத்துக்கு உட்பட்டு எழுதிய விண்ணப்பங்கள் எட்டாத செவியைச் சட்டத்தைக் கடந்த குரல் எட்டியது என்பதை மறைப்பதற்கில்லை.

இனித் தபுளின் பக்கம் திரும்பினால் காட்சி வேறு. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் அந்நகரில் உரிமமில்லா நிலையங்கள் காளான்போல் முளைத்தன. பழைய சட்டம் விதித்த தண்டத்தொகை சிறிதாயிருந்தது. விளம்பர வருவாயோ பெரிதாயிருந்தது. 1981ஆம் ஆண்டு ‘நோவா’ வானொலியைத் தொடங்கிய கிறிசு கேரி இங்கிலாந்துக்காரர். கரோலைன் கப்பலில் பயின்று வந்தவர். ஒலித்தெளிவில் நோவாவின் முன் அரசு வானொலி நாணி நின்றது. அதன் ஒலி கடல் கடந்து இங்கிலாந்தின் மேற்குக் கரையிலும் கேட்டது. இளைஞரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் பொருட்டு அரசு 1979ஆம் ஆண்டிலேயே துள்ளிசைக்கென இரண்டாம் அலைவரிசையைத் தொடங்கியிருந்தும் பயனில்லை. 1983ஆம் ஆண்டு மே திங்களில் அலுவலர்கள் நோவாவின் கருவிகளைக் கைப்பற்றியபோது, ஆயிரக்கணக்கானோர் தபுளின் தெருக்களில் திரண்டு எதிர்த்தனர். அக்கூட்டத்தில் பத்திலொரு பங்கினர் இரோசுமக்கின் பக்கம் முகம் திருப்பியிருந்தாலும் அயர்லாந்தின் மொழிவரலாறு வேறாகியிருக்கும்.

காப்பகத்தின் பேழைகளுள் பெரும்பகுதி இத்தகைய நிலையங்களின் குரலே. சில நிலையங்கள் ஐரிசு மொழியிலும் சிறு நிகழ்ச்சிகள் நடத்தியதுண்டு. சிற்றூர் நிலையங்கள் இறப்புச் செய்தியும் ஊர்ச்செய்தியும் சொல்லித் தம் மக்களுக்கு உண்மையாகவே தொண்டு செய்ததுமுண்டு. அவற்றைக் குறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால் நகர நிலையங்களில் அமெரிக்கனும் அல்லாத ஐரியனும் அல்லாத ஒரு கடன்வாங்கிய நாவோடு பேசும் அறிவிப்பாளர்களைக் கேட்கும்போது, அரசின் பிடியிலிருந்து காற்று விடுபட்டதும் நாவு விடுபடவில்லை என்பது தெளிவாகின்றது. வேலியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் அடுத்த வீட்டுக்காரனின் தோட்டத்திற்குள் போய் நின்றனர்!

1988ஆம் ஆண்டு புதிய சட்டங்கள் வந்தன. தண்டம் பன்மடங்கு உயர்ந்தது. உரிமமில்லா நிலையத்திற்கு விளம்பரம் தருவதும் குற்றமாயிற்று. அவ்வாண்டு திசம்பர் இறுதியில் நிலையங்களுள் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக அடங்கின. 1989ஆம் ஆண்டு உரிமம் பெற்ற தனியார் நிலையங்கள் வந்தன. தபுளினுக்கென ஓர் ஐரிசு மொழி வானொலி உரிமத்தோடு ஒலிக்க 1993ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒலிநாடா கல்வெட்டன்று. அதன்மேல் பூசிய காந்தத் துகள் உதிரும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். அதனை இயக்கும் பொறிகளே இன்று அரியவாகிவிட்டன. ஆதலின் ஆர்வலரும் பல்கலைக்கழகத்தாரும் அவற்றை எண்முறைக்கு மாற்றிவரும் பணி காலத்தோடு நடக்கும் போட்டியாகும். அப்போட்டியில் எதனை முதலில் எடுப்பது என்னும் வினா எழுமாயின், நோவாவின் துள்ளிசை சிறிது பொறுக்கலாம். அப்பாடல்கள் உலகெங்கும் தட்டுகளில் கிடைக்கும். ஐரிசு மொழியில் ஓரிரு மணித்துளி பேசிய பேழை எதுவாயினும், அது எந்த வீட்டுப் பரணில் கிடப்பினும், முதலில் காக்கப்பெறல் வேண்டும். 1970ஆம் ஆண்டு இருபது அகவையினராயிருந்த கொன்னமரா இளைஞர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அன்று ஒலிபரப்பியை இயக்கியவரும், அண்டை வீட்டு அடுப்பருகே அமர்ந்து அதனைக் கேட்டவரும் இன்னும் சிலர் இருப்பர். அவர்களை நாடிச் சென்று, அவர்கள் நினைவில் உள்ளதை அவர்கள் மொழியிலேயே சொல்லச் செய்து பதிந்து, அப்பதிவுக்கான விளக்கச் சீட்டையும் ஐரிசிலேயே எழுதி, நோவாவின் பேழைகளுக்கு முன்வரிசையில் வைத்தல் வேண்டும்.