சடலத்தின் மீதும் நீளும் தண்டனை

1908 நவம்பர் 10 அன்று அலிப்பூர் சிறையில் புரட்சியாளர் கனாய்லால் தத்தா தூக்கிலிடப்பட்டார். உடல் உறவினர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இறுதி ஊர்வலத்தில் கல்கத்தா நகரமே திரண்டது. அந்த மக்கள் வெள்ளத்தைக் கண்டு அஞ்சிய பிரிட்டிஷ் ஆட்சி, அதே மாதத்தில் தூக்கிலிடப்பட்ட சத்யேந்திரநாத் போஸின் உடலை வெளியே விடவில்லை. சிறைச் சுவர்களுக்குள்ளேயே எரித்தது. 1931 மார்ச் 23 இரவில் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகியோரின் உடல்கள் லாகூர் சிறையிலிருந்து இரகசியமாகக் கடத்தப்பட்டு, பெரோஸ்பூர் அருகே சட்லெஜ் ஆற்றங்கரையில் அவசர அவசரமாக எரிக்கப்பட்டன.

பிரிட்டனின் ஆளும் வர்க்கத்துக்கு இது புதிதல்ல. கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவரின் உடலை அறுவைக்கூடத்துக்கு அனுப்பவோ சங்கிலியில் தொங்கவிடவோ 1751ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. பின்னர் அந்தக் கொடுமைகள் கைவிடப்பட்டாலும், உடலைச் சிறைக்குள்ளேயே புதைக்கும் வழக்கம் தொடர்ந்தது. 1940இல் லண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டு அங்கேயே புதைக்கப்பட்ட உத்தம்சிங்கின் எச்சங்கள் தாயகம் திரும்ப 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெள்ளையர் வெளியேறினர், அவர்களது அச்சம் மட்டும் சிறைக் கையேடுகளில் தங்கிவிட்டது. தூக்கிலிடப்பட்டவரின் உடலை என்ன செய்வது என்பதற்கு நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் ஏதும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு, அவரவர் மத வழக்கப்படி உடல் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்கிறது. ஆனால் உறவினர்கள் கேட்டாலும் உடலைக் கொடுப்பது சிறைக் கண்காணிப்பாளரின் விருப்புரிமை. பொது ஆர்ப்பாட்டம் எதுவும் நடத்த மாட்டோம் என்று குடும்பத்தார் எழுதித் தர வேண்டும். ஆர்ப்பாட்டம் நிகழக்கூடும் என்று அவர் கருதினால் மறுத்துவிடலாம்.

இந்த விருப்புரிமை எவ்வாறு பயன்படுகிறது? 1984இல் மக்பூல் பட், 2013இல் அப்சல் குரு ஆகியோர் திகார் சிறைக்குள்ளேயே புதைக்கப்பட்டனர். அப்சல் குருவின் குடும்பத்துக்கு அரசு அனுப்பிய கடிதம், தூக்கிலிடப்பட்ட பிறகே போய்ச் சேர்ந்தது. 2015இல் யாகூப் மேமனின் உடலும், 2020 மார்ச்சில் தில்லி பாலியல் வன்கொலை வழக்கில் தூக்கிலிடப்பட்ட நால்வரின் உடல்களும் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரே நாட்டில், ஒரே தண்டனைக்கு இருவேறு நடைமுறைகள். இதைத் தீர்மானிப்பது சட்டமல்ல. ஆட்சியாளர்களின் அரசியல் கணக்கு.

மனித மாண்புக்கான உரிமை இறந்த உடலுக்கும் உண்டு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1995இல் உச்சநீதிமன்றம் கூறியது. கருணை மனு நிராகரிக்கப்பட்ட தகவல் கிடைத்த பின் 14 நாள் அவகாசம், குடும்பத்தாருடன் இறுதிச் சந்திப்பு, கட்டாயப் பிரேதப் பரிசோதனை ஆகியவற்றை 2014 ஜனவரியில் சத்ருகன் சௌஹான் வழக்கில் அது வலியுறுத்தியது. எனினும் உடலைப் பெறுவது குடும்பத்தின் உரிமை என்று வரையறுக்கும் சட்டம் இன்றுவரை இல்லை.

சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டுவது ஏற்கத்தக்கதல்ல. ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தக் காவல்துறை இருக்கிறது. மறுக்கப்பட்ட உடல் எந்தக் கொந்தளிப்பையும் தணித்ததில்லை. ஸ்ரீநகரில் மக்பூல் பட்டுக்காகக் காத்திருக்கும் வெற்றுக் கல்லறையே அதற்குச் சான்று. குற்றம் எவ்வளவு கொடியதாயினும், தீர்ப்பு குற்றவாளிக்கு மட்டுமே உரியது. அவரது தாய்க்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எந்த நீதிமன்றமும் தண்டனை விதிக்கவில்லை.

தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி, மரண தண்டனைக் கைதிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். ஏழைகளையே தேடிப் பிடிக்கும் இத்தண்டனை முற்றாக ஒழிக்கப்பட வேண்டும். அதுவரை, உடலைப் பெறுவதும் தமது முறைப்படி அடக்கம் செய்வதும் குடும்பத்தின் உரிமை என நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். காலனியக் கையேட்டின் விருப்புரிமை உடனடியாக நீக்கப்பட வேண்டும். பகத்சிங்கின் உடலை மறைத்தவர்களின் விதியை, பகத்சிங்கைப் போற்றும் நாடு இனியும் சுமக்கலாகாது.