மீதி 165 மணி நேரம்

ஜூன் மாதம் நெருங்கினாலே எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். "மேடம், பையனை ஹாஸ்டலோட இருக்கிற ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்க்கலாமா? அங்கேயே தெரபி எல்லாம் கொடுக்கிறாங்களாம்."

போன வாரம் ஓர் அம்மா, விடுதியில் கொடுத்த பட்டியலையே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நான்கு செட் துணி, தட்டு, டம்ளர், பக்கெட், போர்வை, தேங்காய் எண்ணெய், சோப்பு. எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும் என்று கடைசியில் ஒரு குறிப்பு. பட்டியலில் தப்பேதும் இல்லை. ஆனால், தட்டில் பெயர் எழுதச் சொன்னவர்கள், அந்தத் தட்டில் இருக்கும் சோற்றைப் பிள்ளைக்கு எப்படி ஊட்ட வேண்டும் என்று கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், நான் செய்த ஒரு தவறை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பிசியோதெரபி படித்து முடித்த புதிது. ஒரு விடுதிப் பள்ளிக்கு திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாள் போய்வருவேன். அங்கே ஒன்பது வயதுப் பையன் ஒருவன். சி.பி. என்று சொல்கிறோமே, மூளை முடக்குவாதம். கை, கால் இறுக்கம் அதிகம், பேச்சு வராது. அவனுக்கு ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் பயிற்சி. நல்ல தெரபிஸ்ட் என்று எனக்கே என்மேல் ஒரு நினைப்பு!

ஒருநாள் பெருமழை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, இரவு விடுதியிலேயே தங்கினேன். அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைகள் இரவுச் சாப்பாடு சாப்பிடுவதை முதன்முறையாகப் பார்த்தேன்.

மொத்தம் 14 பிள்ளைகள். அதில் ஐந்து பேருக்கு ஊட்டிவிட வேண்டும். பார்த்துக்கொள்ள இரண்டே அக்காக்கள். ஓர் அக்கா அவனை மடியில் சாய்த்து, தலையைப் பின்னால் தள்ளி, வேகவேகமாக ஊட்டினார். இருமினான். முகம் சிவந்தது. "இவன் எப்பவும் இப்படித்தான் மேடம், சாப்பிடறதுக்கே அழுவான்" என்றார்.

நீங்களே தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். கஷ்டமாக இருக்கிறதல்லவா? விழுங்குவதிலேயே சிரமம் உள்ள பிள்ளையை அப்படிச் சாய்த்து ஊட்டினால், சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி வரும். நிமோனியா வரைக்கும் போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ராத்திரியே என் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். மூன்று மாதத்தில் ஏழு இடத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'சளி, காய்ச்சல். இன்று தெரபி இல்லை.' ஏன் இத்தனை முறை சளி என்று நான் யோசிக்கவே இல்லை.

காலில் போட வேண்டிய ஸ்பிளின்ட்டுகள் பீரோவில் வரிசையாக இருந்தன. "தொலைஞ்சுட்டா பெத்தவங்களால மறுபடி வாங்க முடியாதே மேடம். அதான் நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் எடுத்து மாட்டுவேன்" என்றார் அக்கா. அவனை நிமிர்த்தி உட்காரவைக்கும் சி.பி. சேர் எங்கே என்று கேட்டேன். தெரபி அறையில் இருந்தது. அறை பூட்டியிருந்தது. சாவி என் கைப்பையில்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் என்னுடையது இரண்டே கால் மணி நேரம். மீதி 165 மணி நேரத்துக்கும் மேலாக அவனைத் தூக்கியது, ஊட்டியது, குளிப்பாட்டியது, படுக்கவைத்தது எல்லாம் அந்த அக்காக்கள். அவர்களோடு நான் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியதில்லை.

மறுநாளே சேரைச் சாப்பாட்டு அறைக்கு மாற்றினோம். நிமிர்ந்த முதுகு, சற்றே முன்னால் குனிந்த தலை, ஊட்டுபவர் அவன் கண்ணுக்கு நேராக, சின்ன ஸ்பூன், விழுங்கிய பிறகே அடுத்த வாய், சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. இவ்வளவுதான் நான் சொல்லிக்கொடுத்தது.

பதிலுக்கு அந்த அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதைவிடப் பெரிது. "மேல பார்த்தான்னா 'ஆமா'ன்னு அர்த்தம் மேடம். குதிகாலால டக்டக்னு தட்டினா பாத்ரூம் போகணும்." நான் அவனுடைய ஃபைலில் 'தகவல் பரிமாற்றம் இல்லை' என்று எழுதிவைத்திருந்தேன்!

ஒரு பிள்ளைக்குச் சரியாக ஊட்ட 25 நிமிடம் ஆனது. இரண்டு பேரால் முடியவில்லை. நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் சமையலறையிலிருந்து ஒருவரை வாங்கினோம். சளி அடியோடு நிற்கவில்லை. ஆனால், அடுத்த மூன்று மாதத்தில் என் பதிவேட்டில் அந்த வரி இரண்டு முறைதான் வந்தது.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்

'தெரபி உண்டா?' என்று மட்டும் கேட்டால், 'உண்டு' என்றுதான் பதில் வரும். அதனால் இப்படிக் கேளுங்கள்.

* சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்க்கலாமா? தெரபி அறையைவிடச் சாப்பாட்டு அறைதான் உண்மையைச் சொல்லும்.

* இரவில் எத்தனை பேர் இருப்பார்கள்? தானாகப் புரள முடியாத பிள்ளையைத் திருப்பிப் படுக்கவைப்பது யார்? வலிப்பு மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பது யார்?

* தெரபிஸ்ட், பார்த்துக்கொள்ளும் அக்காக்களுக்கும் பயிற்சி கொடுக்கிறாரா? ஸ்பிளின்ட் போடுவது, காதுக் கருவிக்கு பேட்டரி மாற்றுவது அவர்களுக்குத் தெரியுமா?

* பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா? மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனத்தைப் பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது என்கிறது 2016-ம் ஆண்டுச் சட்டம். சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

* நினைத்த நாளில் வந்து பார்க்க முடியுமா? 'மாதம் ஒரு ஞாயிறு மட்டும்' என்றால் நன்றாக யோசியுங்கள். பேச முடியாத பிள்ளைக்கு அடி விழுந்தாலும், யாராவது தப்பாகத் தொட்டாலும், அதைக் கண்டுபிடிக்கப் பெற்றவர்கள் அடிக்கடி போய்வருவது முக்கியம். ஏதாவது தவறு நடப்பதாகத் தெரிந்தால் உடனே 1098-க்கு அழையுங்கள்.

இன்னொன்று. விடுதி மட்டுமே வழி என்று நினைக்காதீர்கள். 40 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகள், அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, விருப்பப்படி, இலவசமாகப் படிக்க அதே சட்டம் உரிமை தருகிறது. வட்டார வள மையங்கள் மூலம் பிசியோதெரபியும், வெளியே வரவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிப் பயிற்சியும் உண்டு. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டுப்பாருங்கள்.

ஒரு பக்கம் எழுதுங்கள்

விடுதியில்தான் சேர்ப்பது என்று முடிவாகிவிட்டால், பக்கெட், போர்வையோடு ஒரு தாளும் அனுப்புங்கள். பிள்ளை எப்படிச் சாப்பிடும், எப்படித் தூங்கும், எதற்குப் பயப்படும், 'ஆமாம்', 'வேண்டாம்', 'வலிக்கிறது' என்பதை எப்படிச் சொல்லும் என்று உங்கள் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். லேமினேட் செய்து, அக்காக்கள் பார்க்கும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

விடுமுறைக்கு வரும்போது அவர்களிடமிருந்தும் அப்படி ஒரு பக்கம் கேட்டு வாங்குங்கள். மே மாதம் முழுக்க ஸ்பிளின்ட் வீட்டுப் பரண்மேல் கிடந்தால் யாரைக் குறை சொல்ல முடியும்? வளரும் வயதில் எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காது. ஒரு மாதம் விட்டாலே, கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த முன்னேற்றம் நழுவ ஆரம்பிக்கும்.

பட்டியல் அனுப்பிய அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். விடுதிக்கு ஒரு மதிய வேளையில் போய்ப் பார்த்துவிட்டு, சேர்ப்பது என்று முடிவெடுத்திருக்கிறார். நேற்று இரவு, தான் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அதில் நான்காவது வரி இது:

'பயம் வந்தா சிரிப்பான். சிரிக்கிறானேன்னு விட்டுடாதீங்க, பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்குங்க.'

அவர் எழுதியிருக்காவிட்டால், இது அந்த விடுதியில் யாருக்குமே தெரிந்திருக்காது.