கால் விரல் வரை 12.5 கோடி காலடி... நரம்புக்குள் நடக்கும் குட்டி மோட்டார்கள்!

உங்கள் பாதத்தை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். அந்த உத்தரவைக் கொண்டு சென்ற நரம்பு செல், முதுகின் கீழ்ப்பகுதியில் தண்டுவடத்துக்குள் இருக்கிறது. செல்லின் உடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆனால், அதன் வாலான 'ஆக்ஸான்' பாதம் வரை சுமார் 1 மீட்டர் நீளத்துக்குப் போகிறது.

இங்கேதான் சிக்கல். ஆக்ஸானுக்குத் தேவையான புரதங்களில் பெரும்பகுதி செல்லின் உடலில்தான் தயாராகிறது. அதை 1 மீட்டர் தள்ளியிருக்கும் நுனிக்குக் கொண்டு சேர்ப்பது யார்? நுனியில் சேரும் கழிவைத் திரும்ப எடுத்து வருவது யார்?

இரண்டையும் செய்பவை 'மூலக்கூறு மோட்டார்கள்' எனப்படும் புரதங்கள். சரக்கை நுனிக்குக் கொண்டு போவது கைனசின். நுனியிலிருந்து உள்ளே இழுத்து வருவது டைனீன்.

கணவாய் காட்டிய வழி

கைனசின் கண்டுபிடிக்கப்பட்டது 1985-ல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், கடலோர ஊரான வுட்ஸ் ஹோலில் ரான் வேல், மைக்கேல் ஷீட்ஸ், தாமஸ் ரீஸ் ஆகியோர் ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஊசிக் கணவாய். அதன் உடலில் ஓர் ஆக்ஸான் வெறும் கண்ணுக்கே தெரியுமளவு தடிமனாக இருக்கும். அதைப் பிதுக்கி எடுத்த திரவத்தில், சரக்குகளை நகர்த்தும் புரதத்தைத் தனியாகப் பிரித்தார்கள். வேல் அப்போது ஆராய்ச்சி மாணவர்!

கைனசினுக்கு இரண்டு 'கால்கள்' உண்டு. ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஏ.டி.பி மூலக்கூறு எரிபொருள். ஓர் அடியின் நீளம் 8 நானோமீட்டர். மில்லிமீட்டரை 10 லட்சம் துண்டுகளாக நறுக்கினால், அதில் 8 துண்டு. அப்படியென்றால் 1 மீட்டரைக் கடக்க 12.5 கோடி காலடிகள் வேண்டும். நொடிக்கு 1 மைக்ரோமீட்டர் என்ற வேகத்தில், நிற்காமல் நடந்தாலும் 11 நாள்களுக்கு மேல் ஆகும். ஒரே கைனசின் அவ்வளவு தூரம் நடக்காது. சுமார் 100 அடிகளில் பாதையிலிருந்து நழுவிவிடும். சரக்கை அடுத்த மோட்டார் பிடித்துக்கொள்ளும்.

ஒரே ஒரு எழுத்து மாறினால்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செல் உயிரியலாளர் எரிகா ஹோல்ஸ்பவர், பல ஆண்டுகளாக இந்த மோட்டார்களை ஆராய்பவர். டைனீனுக்குக் கைகொடுக்கும் 'டைனாக்டின்' என்ற புரதக் கூட்டம் அவருடைய ஆய்வின் மையம்.

2003-ல் அவரும் இடம்பெற்ற ஆய்வுக் குழு ஒரு முக்கிய முடிவை வெளியிட்டது. ஒரு குடும்பத்தில் பலருக்கு இளம் வயதிலேயே குரல் நாண்கள் செயலிழந்து மூச்சுத் திணறியது. பிறகு முகமும் கைகளும் பலவீனமாயின. காரணத்தைத் தேடியபோது, டைனாக்டினின் முக்கியப் பகுதி ஒன்றில், 1,200-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களில் 59-வது மட்டும் மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றம், தசைகளை இயக்கும் நரம்பு செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருக்கிறது. போக்குவரத்துக் கோளாறே நரம்புச் சிதைவை உண்டாக்கும் என்பதற்கு மனிதர்களிடமிருந்து கிடைத்த நேரடிச் சான்று அது.

2009-ல் அதே புரதத்தின் வேறு பிழைகள், 'பெர்ரி சிண்ட்ரோம்' என்ற அரிய நோய்க்குக் காரணம் எனத் தெரிந்தது. இதில் பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளுடன் மனச்சோர்வும், எடை குறைவும், மூச்சுப் பிரச்னையும் வரும். இந்தப் பிழைகள் இருந்தால் ஆக்ஸான் நுனியிலிருந்து சரக்கு கிளம்புவதே தடைப்படுகிறது என்று ஹோல்ஸ்பவரின் ஆய்வகம் 2012-ல் காட்டியது.

குப்பை வண்டி வராத தெரு

அதே ஆண்டில் அவர் குழு இன்னொன்றையும் காட்டியது. சேதமான புரதங்களை அடைத்த 'கழிவுப் பை' ஆக்ஸானின் நுனியில் உருவாகி, டைனீன் இழுக்க, செல் உடலை நோக்கி நெடும்பயணம் வருகிறது. வரும் வழியிலேயே உள்ளிருப்பவை செரிக்கத் தொடங்குகின்றன.

தெருவுக்குக் குப்பை வண்டி வாரக்கணக்கில் வராவிட்டால் என்ன ஆகும்? நரம்பிலும் அதுதான். தோல் செல் செத்தால் புதிது வரும். நரம்பு செல் பெரும்பாலும் வாழ்நாளுக்கு ஒன்றுதான்.

பார்க்கின்சன் நோயுடன் தொடர்புடைய எல்.ஆர்.ஆர்.கே.2 மரபணுவிலும் இதே கதை. அதில் ஒரு பிழை இருந்தால், அந்த மரபணு தரும் நொதி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. விளைவாக, டைனீன் உள்ளே இழுக்கும் கழிவுப் பையைக் கைனசின் வெளியே இழுக்கிறது. இந்தக் கயிறு இழுக்கும் போட்டியில் பை பாதி வழியில் நின்றுவிடுகிறது. 2021-ல் இதை வெளியிட்ட ஹோல்ஸ்பவர் குழு, நொதியின் வேகத்தைக் குறைக்கும் ரசாயனத்தைக் கொடுத்ததும் ஆய்வக நரம்பு செல்களில் போக்குவரத்து சீரானதைக் கண்டது.

நோயாளிக்கு இதனால் என்ன?

இப்போது பார்க்கின்சனுக்குத் தரப்படும் லெவோடோபா போன்ற மருந்துகள் நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்கும். செல்கள் அழிவதை நிறுத்தாது. அழிவையே தடுக்க வேண்டுமென்றால், பழுது எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். இந்த ஆய்வுகள் தேடுவது அதைத்தான். எல்.ஆர்.ஆர்.கே.2 நொதியை அடக்கும் மருந்துகள் மனிதர்களிடம் பரிசோதனை நிலையில் இருக்கின்றன. கடையில் வாங்கும் நிலை இன்னும் வரவில்லை.

அதனால் 'நரம்புத் தளர்ச்சிக்கு ஒரே மாதத்தில் தீர்வு' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். வீட்டுப் பெரியவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது கை நடுங்கினாலோ, நடை மெதுவானாலோ, கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனாலோ 'வயசாகிடுச்சு' என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.